சுழலும் இரும்பு

புனே நகரத்தின் வரலாற்றில் ரிவால்வர் வெடித்த நாளும் உண்டு, வெடிக்க மறுத்த நாளும் உண்டு. அந்த இரண்டு நாள்களையும் புரிந்துகொள்ள, அந்த இரும்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

1931 ஜூலை 22. பம்பாய் மாகாணத்தின் தற்காலிக ஆளுநர் எர்னஸ்ட் ஹாட்சன் புனே ஃபெர்குசன் கல்லூரிக்கு வந்திருந்தார். அங்குள்ள வாடியா நூலகத்தை அவர் பார்வையிட்டபோது, வாசுதேவ் பல்வந்த் கோகடே என்ற மாணவர் ரிவால்வரை எடுத்து மிக அருகிலிருந்து இரண்டு முறை சுட்டார். ஒரு தோட்டா நெஞ்சுக்கு நேராகவே பாய்ந்தது. ஆனால், சட்டைப்பையில் இருந்த சிறு கைப்பையின் உலோகக் குமிழில் பட்டு அதன் வேகம் அடங்கிவிட்டது. ஹாட்சன் உயிர் தப்பினார்.

கோகடேயின் கோபத்துக்குப் பின்னால் ஒரு துயரம் இருந்தது. 1930 மே மாதம் சோலாப்பூர் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது ஆங்கில அரசு அங்கே ராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. அதன் தொடர்ச்சியாக மல்லப்பா தன்ஷெட்டி, குர்பான் ஹுசைன், ஸ்ரீகிருஷ்ண சார்தா, ஜகந்நாத் ஷிண்டே ஆகிய நால்வரை 1931 ஜனவரி 12 அன்று புனேயின் எரவாடா சிறையில் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் நூலகத்தில் வெடிச்சத்தம் கேட்டது. கோகடே சிறைக்குப் போனார்.

கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் சுட்ட தோட்டாவை ஒரு குமிழ் எப்படித் தடுத்தது? கையில் ரிவால்வர் இருந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் சினிமா நமக்குப் பழக்கியிருக்கிறது. அந்த மயக்கம் தெளிய வேண்டுமானால் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

கல்கத்தாவுக்குப் போன கப்பல்

சுழல்வது என்று பொருள்படும் ஆங்கில வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர் ரிவால்வர். சுழல்வது குழல் அல்ல. தோட்டாக்களைத் தாங்கும் உருளை. துப்பாக்கியோடு பழகியவர்கள் அதை சிலிண்டர் என்பார்கள். பெரும்பாலும் அதில் ஆறு அறைகள் இருக்கும். ஐந்து, ஏழு அறைகள் கொண்டவையும் உண்டு.

இந்த யோசனைக்கு உரியவராக உலகம் கொண்டாடுவது அமெரிக்கரான சாமுவேல் கோல்ட்டை. 1830இல், பதினாறு வயதில், ‘கோர்வோ’ என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்து கல்கத்தாவுக்குப் பயணம் போனார் அவர். அந்தப் பயணத்தில்தான் சுழலும் உருளையின் மாதிரியை மரத்தில் செதுக்கினார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. 1836இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அவருக்கு முன்பே, 1818இல், எலிஷா கோலியர் என்பவர் சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் சுழல் துப்பாக்கி ஒன்றுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றிருந்தார். அதன் உருளையைக் கையால்தான் திருப்ப வேண்டியிருந்தது. கோல்ட்டின் துப்பாக்கியிலோ, சுத்தியலைப் பின்னால் இழுத்தாலே உருளை தானாகத் திரும்பி அடுத்த அறையைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியது.

1851இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஆடம்ஸ் இன்னும் ஒரு படி போனார். விசையை இழுக்கும் ஒரே அசைவில் உருளை திரும்பி, சுத்தியல் எழுந்து, விழுந்தது. 1857இல் இந்தியச் சிப்பாய்கள் எழுச்சி கொண்டபோது ஆங்கில அதிகாரிகள் பலரின் இடுப்பில் ஆடம்ஸ் அல்லது கோல்ட் ரிவால்வர் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் உலோக உறையில் அடைத்த தோட்டாவுக்கான ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருந்தையும் குண்டையும் தனித்தனியாகக் கெட்டிக்க வேண்டிய அவசியம் அதோடு மறையத் தொடங்கியது. பிறகு ஆங்கிலப் படையின் வெப்ளி வந்தது. நம் ஊர்க் காவல் நிலையங்களில் தலைமுறை தலைமுறையாக அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய .38 ரிவால்வரும் அந்தக் குடும்பத்து வாரிசுதான்.

முந்தைய கைத்துப்பாக்கியில் ஒரு முறை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டும். அந்த இடைவெளியில் எதிரே இருப்பவர் ஓடலாம், தடுக்கலாம்; சுட்டவரே மனம் மாறலாம். ரிவால்வர் அந்த இடைவெளியை எடுத்துவிட்டது. ஒரு கையும் ஒரு நிமிடக் கோபமும் இருந்தால் ஆறு உயிர்களைப் பறிக்கலாம் என்ற நிலை அப்போது பிறந்தது.

விசைக்கும் வெடிக்கும் நடுவே

விசையில் விரல் அழுத்தும்போது உள்ளே இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒரு பக்கம் சுத்தியல் பின்னால் எழுந்து வில்லை இறுக்குகிறது. மறுபக்கம் விரல் போன்ற ஒரு சிறு நெம்புகோல் மேலே ஏறி, உருளையின் பின்முகத்தில் உள்ள பற்சக்கரத்தை ஒரு பல் அளவுக்குத் தள்ளுகிறது. ஆறு அறை உருளை என்றால் 60 பாகை திரும்பும். உடனே கீழிருந்து ஒரு தாழ் எழுந்து உருளையில் வெட்டிய பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்கிறது. இப்போது ஓர் அறை குழலுக்கு மிகச் சரியாக நேர்கோட்டில் நிற்கிறது. இந்தப் பூட்டு நழுவினால், குண்டு குழலின் விளிம்பில் மோதி ஈயத்தைச் சிதறடிக்கும், சுடுபவருக்கே ஆபத்து.

விசை கடைசி எல்லையைத் தொட்டதும் சுத்தியல் விடுபட்டு விழுகிறது. அதன் ஊசி தோட்டாவின் அடியிலுள்ள சிறு கிண்ணத்தைக் குத்துகிறது. அதிலிருக்கும் பொறிமருந்து அடிபட்டதும் பற்றி, உறைக்குள் இருக்கும் வெடிமருந்தை எரிக்கிறது. அந்த வாயுவின் அழுத்தம் குண்டை முன்னால் தள்ளுகிறது. குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழன்று போகும் குண்டும் திசை மாறாமல் போகிறது.

இந்த வரிப்பள்ளங்கள் குண்டின் உடம்பில் கீறல்களைப் பதிக்கின்றன. ஊசி உறையின் அடியில் தன் தடத்தை விடுகிறது. சந்தேகத்துக்குரிய துப்பாக்கியால் ஆய்வகத்தில் சோதனையாகச் சுட்டு, கிடைத்த குண்டையும் சம்பவ இடத்துக் குண்டையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள் தடய அறிவியல் வல்லுநர்கள். நீதிமன்றங்களில் துப்பாக்கி வழக்குகள் பல இந்தக் கீறல்களின் மேல்தான் நிற்கின்றன.

கட்கியின் முத்திரை

ரிவால்வரின் வலிமை இரும்பில் இல்லை, தோட்டாவில் இருக்கிறது. தோட்டா என்றாலே இந்தியாவில் புனேயைச் சொல்லியாக வேண்டும். நகரத்தின் வடக்கே கட்கியில் 1869இல் ஆங்கிலேயர்கள் தொடங்கிய வெடிபொருள் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. கட்கியை அன்று கிர்க்கி என்றார்கள். குடிமக்கள் உரிமத்தோடு வாங்கும் .32 தோட்டாக்களின் உறையடியில் ‘கே.எஃப்.’ என்ற முத்திரையைக் காணலாம். கிர்க்கி தொழிற்சாலையின் குறி அது. நாட்டின் எங்கோ ஒரு மூலையில் நடந்த குற்றத்தின் தீர்ப்பில்கூட அந்த இரண்டு எழுத்துகள் இடம்பெறுவது உண்டு. படைக்கலங்களை வடிவமைக்கும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்றும் 1958 முதல் இதே நகரில், பாஷாண் பகுதியில் இருக்கிறது.

தோட்டா எவ்வளவு நுட்பமானது என்பதற்குத் தமிழர் மறக்க முடியாத சாட்சி ஒன்று உண்டு. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார்; எம்.ஆர்.ராதாவும் குண்டுக் காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ராதாதான் எம்.ஜி.ஆரைச் சுட்டார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவு அருகில் சுட்டும் இருவருமே பிழைத்தார்கள். அதற்குத் தடய அறிவியல் தந்த விளக்கம் இது: தோட்டாக்கள் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கியவை. மேசை இழுப்பறையில் கிடந்து, இழுப்பறையைத் திறந்து மூடும்போதெல்லாம் உருண்டு உருண்டு உரசியிருக்கின்றன. அதனால் உறைக்கும் குண்டுக்கும் இடையிலான பிடி தளர்ந்துபோனது.

உறையின் வாய் குண்டை இறுகப் பிடித்திருந்தால்தான் மருந்து முழுதாக எரிந்து அழுத்தம் சேரும். பிடி தளர்ந்தால் அழுத்தம் சேருமுன்பே குண்டு நகர்ந்துவிடும், வேகம் குறையும். அந்தத் தளர்ச்சிதான் இருவரையும் காப்பாற்றியது. கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். இருந்த படம், அடுத்து வந்த தேர்தலில் அவர் நின்ற பரங்கிமலைத் தொகுதியில் வாக்குகளை அள்ளியது. ஆனால், அவர் குரல் பழையபடி திரும்பவில்லை.

சுழல மறுத்த உருளை

நம் செய்திகளில் கைத்துப்பாக்கி எதுவானாலும் ரிவால்வர் என்று எழுதிவிடும் வழக்கம் இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டது பிரவுனிங் பிஸ்டலால். காந்தியடிகளின் உயிரைக் குடித்ததும் பெரெட்டா பிஸ்டல்தான். இவ்வகை பிஸ்டலில் உருளை கிடையாது. கைப்பிடிக்குள் செருகிய பெட்டியிலிருந்து தோட்டா மேலேறும். சுட்ட வேகத்தின் எதிர்விசையே வெற்று உறையை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றும். ரிவால்வரில் வெற்று உறை உருளைக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த அறை வரும். பிஸ்டலில் அடைப்பு ஏற்பட்டால் கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.

காந்தி கொலை வழக்கில் இந்த வேறுபாட்டுக்குத் தனி இடம் உண்டு. சதியின் வேர் புனேயில் இருந்தது. நாதுராம் கோட்சே அங்கே பத்திரிகை நடத்தினார். அவருடைய தம்பி கோபால் கோட்சே கட்கியில் ராணுவ மோட்டார் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்தார். திகம்பர் பட்கே அதே நகரில் ‘சஸ்திர பண்டார்’ என்ற பெயரில் ஆயுதக் கடை வைத்திருந்தார். பின்னாளில் அப்ரூவரான பட்கே நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியத்தின்படி, 1948 ஜனவரி 20 அன்று காலையில் டெல்லியில் இந்து மகாசபைக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த காட்டில் இரண்டு ரிவால்வர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். கோபால் கொண்டுவந்திருந்ததில் உருளை வேலை செய்யவில்லை. இன்னொன்றில் குண்டு இலக்காக வைத்த மரத்தைக்கூட எட்டவில்லை. அன்று மாலை பிர்லா மாளிகையில் மதன்லால் பாவா வெடிக்கவைத்த குண்டோடு அந்த முயற்சி தோற்றது.

ஒரு பற்சக்கரம் திரும்பாததும் ஒரு தோட்டா பலமிழந்ததும் அந்த நாளின் தோல்வியில் பங்கு வகித்தன. ஆனால், நாதுராம் குவாலியருக்குப் போய் இத்தாலியில் செய்த பெரெட்டா பிஸ்டலை வாங்கிவந்தார். ஜனவரி 30 அன்று அது மூன்று முறையும் பிசகாமல் சுட்டது.

இடையில் கிடைத்த பத்து நாள்கள் என்ன ஆயின என்பதுதான் நெஞ்சைச் சுடும் கேள்வி. பிடிபட்ட மதன்லால், கூட்டாளிகளில் ஒருவர் புனேயிலிருந்து வரும் பத்திரிகையின் ஆசிரியர் என்று காவல்துறையிடம் சொல்லியிருந்தார். அந்த ஆசிரியர் யார் என்று அறிவதற்கு அரசுப் பதிவேட்டைப் புரட்டினால் போதும். டெல்லி, பம்பாய், புனே காவல்துறைகள் ஒன்றோடொன்று பேசி அதைச் செய்யவில்லை. 1966இல் அமைத்த நீதிபதி ஜீவன்லால் கபூர் ஆணையம் இந்தத் தவறுகளை விரிவாகப் பதிவு செய்தது. இயந்திரத்தின் கோளாறு காந்திக்குப் பத்து நாள் ஆயுளைக் கூட்டித் தந்தது. அந்த நாள்களைப் பயன்படுத்தி அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டியவர்கள் மனிதர்கள்.

பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

பெரும்பாலான ரிவால்வர்களில் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. விசையின் இறுக்கமும், புதிய வகைகளில் கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்கும் உள் தடுப்பும் மட்டுமே உண்டு. ஆகவே, காவல் முழுவதும் துப்பாக்கிக்கு வெளியே இருந்தாக வேண்டும். சட்டத்தின் வேலை அதுதான்.

1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்டு நிற்கவைத்து, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அது ஆள்பவரைக் காக்கப் பிறந்த சட்டம். சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. 2016ஆம் ஆண்டு விதிகள் உரிமம் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. திருமணத்திலும் விழாவிலும் மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. படைகளும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்ற விட்டங்கள் சாதாரணக் குடிமகனுக்குத் தடை. அதனால்தான் கான்பூர் தொழிற்சாலை குடிமக்களுக்கு .32 ரிவால்வர்களைச் செய்கிறது. 2014இல் பெண்களை மனத்தில் வைத்து வந்த, அரை கிலோ எடையுள்ள ‘நிர்பீக்’ அவற்றில் ஒன்று. அறிமுகமானபோது அதன் விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. பெண்ணின் அச்சத்துக்கு விடையாக ஒரு துப்பாக்கியை நீட்டும் சமூகம், தான் செய்ய வேண்டிய காவலை அவள் கைப்பையில் போட்டுவிட்டுப் போகிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஹாட்சனை ஒரு குமிழும், எம்.ஜி.ஆரைத் தளர்ந்த தோட்டாவும் காத்தன. இவை தற்செயல்கள், இவற்றை நம்பி ஒரு நாடு வாழ முடியாது. உரிமம் கேட்டு வருபவரின் பின்னணியைத் தேடிப் பார்க்கும் அதிகாரி, குண்டு நீக்கிய துப்பாக்கியையும் தோட்டாவையும் வெவ்வேறு இடத்தில் பூட்டிவைக்கும் குடும்பத்தலைவர், கிடைத்த தகவலை அடுத்த ஊர்க் காவல் நிலையத்துக்கு அன்றே சொல்லும் காவலர் ஆகியோர்தான் பாதுகாப்பு. வீட்டில் உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு முறை பாருங்கள்: அது எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டுமா என்று. விசைக்கும் வெடிக்கும் இடையே கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. தடுப்பதற்கான நேரம் முழுவதும் அதற்கு முன்னால்தான் இருக்கிறது.