அடிக்கடி ஓய்ந்துபோகும் கார் பாட்டரி

மாலையில் நன்றாக ஓடிய கார் காலையில் கிளம்ப மறுத்தால், "பாட்டரி பழையதாகிவிட்டது" என்று சொல்லிப் புதியதொன்றை வாங்கிப் பொருத்துவதே பெரும்பாலோர் வழக்கம். சில வாரங்களில் புதிய பாட்டரியும் ஓய்ந்துபோவதுண்டு. ஆயிரக்கணக்கில் பணம் செலவான பின்பும் குறை இருந்த இடத்திலேயே இருக்கும். நள்ளிரவில் மருத்துவமனைக்கு விரைய வேண்டிய வேளையில் வண்டி மீண்டும் கைவிடும். ஆகவே, குறை எங்கே உள்ளது என்பதை அறிந்த பின்னரே பணத்தை எடுத்தல் வேண்டும். இதற்குப் பொறியியற் படிப்பு தேவையில்லை. குடும்ப வரவு செலவு பார்க்கத் தெரிந்தால் போதும்.

பாட்டரியை ஒரு சேமிப்புப் பெட்டியாகக் கொள்வோம். வண்டி ஓடும்போது எஞ்சினால் சுழற்றப்படும் ஆல்டர்னேட்டர் அதில் மின்சக்தியைச் சேர்க்கிறது, இது வரவு. ஸ்டார்ட்டரும் விளக்குகளும் பிறவும் எடுத்துக்கொள்வது செலவு. பெட்டி அடிக்கடி காலியாகுமாயின், பெட்டியே பழுதாயிருக்கலாம், வரவு குறைந்திருக்கலாம், அல்லது நாம் அறியாத செலவு ஒன்று நடந்துகொண்டிருக்கலாம்.

முதலில் பாட்டரியின் இரு முனைகளையும் பாருங்கள். வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தாலும், பிடிப்பு தளர்ந்திருந்தாலும், பாட்டரியில் சக்தி இருந்தும் வண்டி கிளம்பாது. சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து இறுக்கினால் சில வேளைகளில் வேலை அத்துடன் முடிந்துவிடும். இணைப்பைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாளவேண்டும். பாட்டரியினுள் இருப்பது கந்தக அமிலம். அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியது. அருகில் நெருப்பு கூடாது.

அடுத்துத் தேவைப்படுவது சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு மல்டிமீட்டர். இரவு முழுவதும் நின்ற வண்டியில், நிறைந்த பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 எனில் பாதி. 12-க்குக் கீழ் எனில் ஏறக்குறையக் காலி. முழுதும் சார்ஜ் செய்து, இணைப்பைக் கழற்றி வைத்த பாட்டரி இரண்டொரு நாளிலேயே இறங்கிவிடுமானால், பழுது பெட்டியினுடையதே. அப்போது புதியது வாங்குவதில் தவறில்லை. டில்லி, நாகபுரி போன்ற ஊர்களில் வாழ்வோர் ஒன்றை நினைவிற்கொள்ளல் நலம். பாட்டரியின் தகடுகளை அரிப்பது மே மாத வெயில். அந்தச் சேதம் வெளிப்படுவதோ, எண்ணெய் தடித்து எஞ்சினைச் சுழற்றுவது கடினமாகும் குளிர்காலக் காலைகளில்.

இனி வரவு. எஞ்சின் ஓடுகையில் மீட்டர் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டவேண்டும். 12.6-க்கு மேல் ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் பெல்ட்டையோ ஆல்டர்னேட்டரையோ அதன் கம்பிகளையோ சோதிக்கவேண்டும். புதுவகைக் கார்கள் சிலவற்றில் இந்த அளவு கூடிக் குறைவதுண்டு. வண்டியின் கையேட்டைக் காண்க. ஆல்டர்னேட்டர் நன்றாயிருந்தும், நாள்தோறும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுவோருக்கு, கிளப்புவதற்கு எடுத்த கடனே அடைவதில்லை.

மறைந்து நிற்கும் செலவே பலரை ஏமாற்றுவது. அணையாமல் விடப்பட்ட 5 வாட் விளக்கொன்று 45 ஆம்பியர் மணிப் பாட்டரியை நான்கைந்து நாட்களில் காலியாக்கும். இதனைக் கண்டுபிடிக்க, எல்லாவற்றையும் அணைத்துக் கதவுகளைப் பூட்டி, எதிர்முனைக்கும் அதன் கம்பிக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். வண்டியின் மின்னணுக் கருவிகள் உறங்குவதற்கு அரைமணியேனும் பொறுத்திருங்கள். 50 மில்லி ஆம்பியர் வரை குறையன்று. அதற்கு மேலிருப்பின் ப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. பின்னாளில் பொருத்திய காமிராவும் பாட்டுப் பெட்டியும் இதில் அடிக்கடி அகப்படும். மீட்டர் இணைந்திருக்கும்போது வண்டியைக் கிளப்பலாகாது.

குறையற்ற வண்டியிலும் 50 மில்லி ஆம்பியர் வீதம் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி கழியும்; 30 நாட்களில் 36. ஆகவே, ஒரு மாத விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் எதிர்முனையைக் கழற்றி வைக்கலாம். அல்லது நம்பகமான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து வாரத்தில் அரைமணி ஓட்டச் சொல்லலாம். கழற்றுமுன், மின்பூட்டுள்ள வண்டியின் கதவைச் சாவியால் திறக்க இயலுமா என்று பார்த்துக்கொள்க.

இவ்வளவும் செய்ய இயலாதவர்கள் முதல் இரண்டு அளவுகளையேனும் எடுத்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் செல்வாராக. மொழி நன்கு பழகாத ஊரில் குறையை விளக்கிச் சொல்லுதல் அரிது, "நின்றபோது 12.6, ஓடும்போது 12.4" என்னும் எண்களோ எந்த மொழியினர்க்கும் விளங்கும். அவற்றைக் கண்டபின், தேவையற்ற பாட்டரியை உங்களிடம் விற்பது எளிதன்று.