எதிர்வீட்டு ஆன்ட்டியா, காப்பகமா?

பேறுகால விடுப்பு 26 வாரம். 2017-ல் சட்டம் திருத்தப்பட்டபோது பலரும் இதை ஆறு மாதம் என்றே கணக்குப் போட்டார்கள். ஆனால் இதில் எட்டு வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கால் வீங்கி, மூச்சு வாங்கி, எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வீட்டில் உட்கார்ந்துவிட்ட பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் மிஞ்சுவது 18 வாரம்தான். அவர் வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு நாலு மாதமும் சில நாளும் ஆகியிருக்கும். 14-வது வாரத் தடுப்பூசி போட்டு ஒரு மாதம்தான் கடந்திருக்கும். கழுத்து இப்போதுதான் நின்றிருக்கும். தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாத பருவம் அது.

தமிழக அரசு ஊழியர் என்றால் இந்த நெருக்கடி கொஞ்சம் தள்ளிப்போகும். 2021 முதல் அவர்களுக்கு 12 மாத விடுப்பு. தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சென்னையிலும் கோவையிலும் ஐ.டி. நிறுவனங்களைச் சுற்றி எழுந்த அடுக்ககங்களில், ஊரிலிருந்து பாட்டி வந்து தங்க முடியாத வீடுகளுக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகளே இருக்கின்றன. ஒன்று, அதே பிளாக்கில் நாலைந்து பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் 'ஆன்ட்டி வீடு'. மற்றொன்று, சுவரெல்லாம் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்த டே கேர். பக்கமா, எவ்வளவு கேட்கிறார்கள், மாலை எத்தனை மணிவரை என்ற மூன்று கேள்விகளிலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. குழந்தையின் உடம்புக்கு எது ஒத்துவரும் என்று கேட்டால் கேள்விகள் மாறிவிடும்.

இரண்டு கை, எத்தனை குழந்தை?

அமெரிக்காவில் 1991-ல் தொடங்கிய ஓர் ஆய்வு, பத்து இடங்களில் 1,364 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்தது. அம்மாவிடமே வளர்ந்தவர்கள், உறவினரிடம் விடப்பட்டவர்கள், அடுத்தவர் வீட்டிலும் காப்பகத்திலும் வளர்ந்தவர்கள் என எல்லா வகையும் அதில் உண்டு. எந்த இடம் என்பதைக் காட்டிலும், பார்த்துக்கொள்பவர் குழந்தையோடு எவ்வளவு பேசுகிறார், அது அழும்போது எப்படிக் கவனிக்கிறார் என்பதோடுதான் வளர்ச்சி அதிகம் பிணைந்திருந்தது. எல்லாவற்றையும்விடக் குடும்பத்தின் பங்கே பெரிதாக இருந்தது என்பதையும் அந்த ஆய்வு சொன்னது. ஆபீஸ் லிஃப்டில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அம்மாக்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.

பேசவும் தூக்கவும் கை ஒழிய வேண்டுமே! அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் பொதுச் சுகாதாரச் சங்கமும் சேர்ந்து வகுத்த தர விதிகளின்படி, ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் வேண்டும். ஒரு குழுவில் ஆறு குழந்தைக்கு மேல் கூடாது. வீட்டில் தனி ஆளாகப் பார்ப்பவருக்கு இன்னும் கெடுபிடி. இரண்டு வயது ஆகாத குழந்தை ஒன்று இருந்தால், கூடவே பெரிய பிள்ளைகள் மூன்று பேர்வரை. அப்படிப்பட்ட குழந்தை இரண்டு இருந்தால் வேறு பிள்ளையே கூடாது. சமையலறையில் தீப்பிடித்தது என்று வையுங்கள். ஒரு பெண்ணால் இரண்டு இடுப்பில் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்க முடியும். மூன்றாவதை?

நம் ஊர் நிலவரத்துக்கு இந்த எண்கள் எட்டாக்கனியாகத் தோன்றலாம். ஆனாலும் கையில் ஓர் அளவுகோல் இருப்பது நல்லது. ஒரே ஒரு கைக்குழந்தையும் ஓடியாடும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் ஆன்ட்டி வீடு, எட்டுக் கைக்குழந்தைக்கு ஓர் ஆயா இருக்கும் ஏ.சி. காப்பகத்தைவிடப் பல மடங்கு மேல். காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லாக் காப்பகமும் நன்றாகத்தான் இருக்கும். ஆயாக்கள் சாப்பிடப் போகும் மதியம் ஒன்றரை மணிக்கும், பாதிப் பேர் கிளம்பிவிட்ட மாலை ஆறரை மணிக்கும் போய்த் தலைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மல்லாந்து தூங்கட்டும்

'குப்புறப் போட்டால் அசந்து தூங்கும்' என்பது அனுபவசாலிகள் பலரும் சொல்வது. அசந்து தூங்குவது உண்மைதான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே நேரும் சிசு மரணங்களில் குப்புறப் படுத்தலின் பங்கு தெளிவானதும், 1994-ல் அமெரிக்கா 'மல்லாக்கப் போடுங்கள்' என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தது. மரணங்கள் பாதியாகக் குறைந்தன. பெற்றோர் கற்றுக்கொண்டார்கள். பார்த்துக்கொள்பவர்கள்?

2000-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத்தான் கேட்டது. இத்தகைய மரணங்களில் சுமார் 20 சதவீதம் குழந்தை வேறொருவர் பொறுப்பில் இருந்தபோது நடந்திருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் வீடுகளில் நடத்தப்படும் காப்பகங்களில். வீட்டில் மல்லாந்து தூங்கிப் பழகிய குழந்தையைப் புது இடத்தில் திடீரென்று குப்புறப் போடுவது மற்ற எதையும்விட அபாயமானது என்றும் தெரிந்தது. காப்பகத்தில் நேர்ந்த மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று சேர்த்த முதல் வாரத்திலேயே நிகழ்ந்ததாகத் தொடர்ந்து வந்த ஆய்வு காட்டியது.

ஆகவே, 'நல்லா பார்த்துப்பீங்களா?' என்று கேட்பதில் பயன் இல்லை. எங்கே, எப்படிப் படுக்க வைப்பீர்கள் என்று கேட்டு, அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். சமமான, கொஞ்சம் கெட்டியான மெத்தை. தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் பக்கத்தில் வேண்டாம். தூளி நம் வீடுகளின் செல்லம்தான். ஆனால் குழியான துணிக்குள் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சுப் பாதை மடங்க வாய்ப்பு உண்டு. கண் பார்வையில் ஐந்து நிமிடம் ஆட்டித் தூங்க வைத்துவிட்டுத் தரைப்படுக்கைக்கு மாற்றுவது வேறு, மதியம் முழுக்கத் தூளியில் விட்டுவிட்டு அடுத்த அறையில் சமைப்பது வேறு.

பாசத்தோடு ஊற்றும் உரை மருந்து

காப்பகம் சறுக்குவது பெரும்பாலும் எண்ணிக்கையில். பழகிய ஆயா போய்ப் புது ஆயா வருவதில். வீடு சறுக்குவது பாசத்தில். வயிறு உப்புசமா, வசம்பு உரசி நாக்கில் தடவு. மலம் போகவில்லையா, உரை மருந்து ஊற்று. சளியா, மூக்கில் ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, சாம்பிராணி போடு. அழுகை நிற்கவில்லையா, தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிப் போ. நாலு பிள்ளை வளர்த்த கை இதையெல்லாம் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு செய்யாது.

மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகலாம். சாம்பிராணியும் கொசுவத்தியும் குழந்தைக்கு ஒரே புகைதான். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைத்தால், அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமி குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும் அபாயம் உண்டு. கைக்கல்லில் உரசிய மருந்தோடு போகும் கிருமி எது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவர் எழுதியதைத் தவிர வாயில் எதுவும் போகக் கூடாது என்பதை முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிடலாம். பிறகு சொன்னால் மனவருத்தம் வரும்.

வீட்டில் விடுவதில் கவனிக்கத் தவறும் இன்னொன்று, குழந்தையை ஆன்ட்டியிடம் மட்டும் விடவில்லை, அந்த வீட்டில் உள்ள எல்லோரிடமும் விடுகிறோம் என்பது. பால்கனியில் சிகரெட் பிடிக்கும் அங்கிள் இருக்கலாம். மூன்று வாரமாக இருமும் தாத்தா இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இந்தியாவில் பொது விதி. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளைத் தடுக்கவே பெரிதும் உதவும். தொற்றையே தடுத்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

மூக்கு ஒழுகும் முதல் வருடம்

டே கேரில் சேர்த்த முதல் மாதங்களில் குழந்தைக்கு மாறி மாறிச் சளி பிடிக்கும். இதில் ஒளிக்க எதுவும் இல்லை. அரிசோனாவின் டூசான் நகரில் 1980-ல் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், பெரிய காப்பகங்களுக்குப் போன குழந்தைகளுக்கு இரண்டு வயதில் சளி அதிகமாகவும், பள்ளி வயதில் மற்றவர்களைவிடக் குறைவாகவும் வந்தது. பதின்மூன்று வயதில் வித்தியாசம் மறைந்துவிட்டது. 'இப்போதே வந்து போகட்டும், எதிர்ப்புச் சக்தி வரும்' என்று காப்பகக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு.

அந்த நியாயம் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொருந்துகிற அளவுக்கு நாலு மாதக் குழந்தைக்குப் பொருந்தாது. பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாகப் போகும் ஆர்.எஸ்.வி. வைரஸ், ஆறு மாதம் ஆகாத குழந்தையின் குறுகிய மூச்சுக்குழாயை அடைத்து ஆஸ்பத்திரிவரை கொண்டுபோகும். ஃப்ளூ தடுப்பூசி ஆறு மாதத்துக்கு மேல்தான் போட முடியும். தட்டம்மை ஊசி முறைப்படி ஒன்பது மாதத்தில். இந்த இடைவெளியில் குழந்தைக்குக் கவசம், சுற்றி இருப்பவர்கள்தான். ஆயா கக்குவான் இருமல் பூஸ்டரும் ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொண்டாரா என்று கேட்டால் பல இடங்களில் வியந்து பார்ப்பார்கள். பரவாயில்லை, கேட்கலாம்.

2022-ல் கேரளத்தின் கொல்லம் பகுதியில் 'தக்காளிக் காய்ச்சல்' பரவியபோது தமிழக எல்லைச் சோதனைச் சாவடிகளில்கூடக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். கை, கால், வாய்க் கொப்புள நோயின் ஒரு வகை என்று பிறகு கருதப்பட்ட அது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களையே அதிகம் பிடித்தது. எச்சில், கொப்புள நீர், மலம், ஒரே பொம்மையை ஆளுக்கொரு முறை சப்புவது: பரவும் முக்கிய வழிகள் இவை. டயப்பர் மாற்றும் இடமும் பால் கலக்கும் மேடையும் தள்ளித் தள்ளி இருக்கின்றனவா, மாற்றிய கை சோப்பைத் தொடுகிறதா, காய்ச்சலோடு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்களா என்று கவனித்தால் போதும். காய்ச்சல் பிள்ளையை அனுப்பிவிடும் காப்பகத்தைக் கறார் என்று திட்டும் பெற்றோரே, அடுத்த வாரம் அதே கறாருக்காக நன்றி சொல்வார்கள்.

பாலாடைக்குப் பொறுமை வேண்டும்

பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் 25 டிகிரி வெப்பம்வரை நாலு மணி நேரம் தாங்கும். சென்னையின் மே மாத மதியத்தில் ஏ.சி. இல்லாத வீடு எத்தனை டிகிரி என்று சொல்லத் தேவையில்லை. ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டுபோய் நேராக ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அங்கே நாலு நாள்வரை இருக்கும். குடித்து மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். மிச்சம் பிடிக்கும் பழக்கமுள்ள வீடுகளில் இதைச் சொல்லி வைப்பது அவசியம்.

பாட்டிலைவிடப் பாலாடை சுத்தம். ஆனால் ஐந்து குழந்தைக்கு நடுவில் பாலாடையால் நிதானமாகப் புகட்ட யாருக்கு நேரம்? இந்த ஓர் இடத்தில், ஒன்றிரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்திருக்கும் வீடு காப்பகத்தை வெல்கிறது. காப்பகத்தில் வேறொரு பயம்: ஒரே ஃப்ரிட்ஜில் எட்டுப் புட்டிகள். பெயரும் தேதியும் ஒட்டாத புட்டியை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

ஆன்ட்டி ஊருக்குப் போனால்

காப்பகத்தில் ஒரு ஆயா வராவிட்டால் இன்னொருவர் இருப்பார். ஆன்ட்டிக்குக் காய்ச்சல் என்றால் கதவு பூட்டிவிடும். மூன்றாவது வழி ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும், தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பார்த்து வரலாம். மனிதவளத் துறையிடம் இதைப் பற்றி எழுத்தில் கேட்பவர்கள் குறைவு. மத்திய அரசின் 'பால்னா' காப்பகங்கள் ஆறு மாதக் குழந்தையிலிருந்துதான் சேர்த்துக்கொள்கின்றன.

எதைத் தேர்ந்தாலும், விடுப்பு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே பழக்க ஆரம்பித்துவிட வேண்டும். முதல் நாள் அம்மாவும் கூட இருந்து ஒரு மணி நேரம். மறுநாள் அம்மா பக்கத்துக் கடைவரை போய் வருவது. மூன்றாம் நாள் ஒரு வேளைப் பாலும் ஒரு தூக்கமும் அங்கேயே. அழுகை எல்லை மீறினால் குழந்தையைக் குலுக்காமல், பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு இரண்டு நிமிடம் வெளியே வந்து மூச்சு வாங்கலாம், உடனே போன் செய்யலாம், யாரும் குறை நினைக்க மாட்டார்கள் என்று பார்த்துக்கொள்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். படுக்கைக்கு மேலே சுவரில் ஒரு தாள்: அம்மா எண், அப்பா எண், குழந்தை மருத்துவர் எண், 108. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'மல்லாக்க மட்டும்'.