கொலையாளியின் நிழல் – 14: ஓரம் கட்டப்பட்ட படங்கள்

நியூயார்க்கில் வெடிகுண்டு வைத்துத் திரிந்த ஜார்ஜ் மெடெஸ்கியையும், அவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான் என்று 1956-ல் கணித்துச் சொன்ன மனநல மருத்துவர் ஜேம்ஸ் புருஸ்ஸெலையும் போன வாரம் பார்த்தோம். அதைப் படித்தவர்களுக்கு, கொலையாளியின் மனதை ஊகித்துவிட்டால் போதும், ஆள் சிக்கிவிடுவான் என்று தோன்றியிருக்கும். இந்த வாரம் வடக்கு இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே ஊகமே கொலைகாரனுக்குக் காவலாக நின்றது.

1975 முதல் 1980 வரை யார்க்‌ஷயரிலும் மான்செஸ்டரிலும் 13 பெண்கள் கொல்லப்பட்டார்கள். பின்னந்தலையில் சுத்தியல் அடி, பிறகு கத்திக்குத்து. முதலில் இறந்தவர்களில் பலர் பாலியல் தொழிலாளிகள். மேற்கு யார்க்‌ஷயர் போலீஸ் அதை வைத்தே ஒரு முடிவு கட்டியது: இவன் பாலியல் தொழிலாளிகளை வெறுப்பவன், அவர்களை மட்டுமே குறிவைப்பவன். 1977 ஜூனில் லீட்ஸ் நகரில் கடையில் வேலை பார்த்த 16 வயதுப் பெண் கொல்லப்பட்டபோதுதான், ஒரு பாவமும் அறியாத பெண் போய்விட்டாளே என்று பத்திரிகைகள் பதறின. அதற்கு முன் இறந்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளும் அதே பத்திரிகைகளைத்தான் படித்தார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இந்த முடிவு விசாரணையை எப்படி முடக்கியது என்பதற்கு இரண்டு பெண்களைச் சொல்ல வேண்டும்.

1975 ஆகஸ்டில், சில்ஸ்டன் என்ற சிற்றூரில் 14 வயதுச் சிறுமி வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். ஒருவன் கூடவே பேச்சுக் கொடுத்தபடி வந்தான். வெகுதூரம் சேர்ந்து நடந்த பிறகு திடீரெனத் தலையில் அடித்தான். அவள் பிழைத்தாள். அத்தனை நேரம் பக்கத்தில் நடந்தவன் என்பதால் முகம் நன்றாக மனதில் பதிந்திருந்தது. அவள் சொல்லச் சொல்லத் தயாரான படத்தை இன்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது, கிட்டத்தட்ட அவனேதான். ஆனால் அவள் பள்ளிச் சிறுமி, பாலியல் தொழிலாளி அல்ல. ஆகவே அந்த வழக்கு இந்த வரிசையில் சேரவில்லை.

1976 மே மாதம் லீட்ஸில் தாக்கப்பட்டவர் 20 வயதுக் கறுப்பினப் பெண், நான்கு மாதக் கர்ப்பிணி. மண்டை பிளந்த நிலையில் தவழ்ந்து தவழ்ந்து ஒரு டெலிபோன் பூத்தை அடைந்தார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது அடித்தவன் காரில் திரும்பி வந்து தன்னைத் தேடியதையும் பார்த்தார். தலையில் 50-க்கும் மேற்பட்ட தையல்கள். வயிற்றிலிருந்த குழந்தை தங்கவில்லை. தாடி வைத்த வெள்ளைக்காரன் என்று அவர் தெளிவாகச் சொன்னதை போலீஸ் நம்பவில்லை.

பிழைத்து வந்து சாட்சி சொன்ன பெண்களை நம்பாத அதே போலீஸ், முகம் தெரியாத ஒரு குரலை நம்பியது. 1978-ல் சண்டர்லேண்டிலிருந்து கடிதங்கள் வந்தன. 1979 ஜூனில் ஒலிநாடா வந்தது. விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டைப் பெயர் சொல்லி அழைத்து, உன்னால் என்னைப் பிடிக்க முடியாது என்று கேலி செய்தது அந்தக் குரல். ஊர் ஊராக மதுக்கடைகளில் அதைப் போட்டுக் காட்டினார்கள். போன் செய்தும் கேட்கலாம் என்று ஏற்பாடானது. பேச்சுவழக்கை ஆராய்ந்த லீட்ஸ் பல்கலைக்கழக அறிஞர் ஸ்டான்லி எல்லிஸ், பேசியவன் சண்டர்லேண்ட் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துக் கொடுத்தார். பின்னர், இது மோசடியாக இருக்கலாம் என்றும் எச்சரித்தார். முதலில் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த உச்சரிப்பு இல்லாதவர்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து கழிக்கப்பட்டார்கள்.

அப்படித் தப்பியவன் பீட்டர் சட்கிளிஃப், பிராட்ஃபோர்டில் வசித்த லாரி டிரைவர். மான்செஸ்டரில் இறந்த பெண்ணின் கைப்பையில் கிடைத்த புத்தம்புது 5 பவுண்டு நோட்டைப் பின்தொடர்ந்து 1977-லேயே அவன் வீட்டுக்கு வந்திருந்தார்கள். 1979 ஜூலையில் வந்த இரண்டு போலீஸ்காரர்களுக்கு, பிழைத்த இன்னொரு பெண் சொன்ன படத்தோடு இவன் முகம் ஒத்துப்போவது உறுத்தியது. அறிக்கை எழுதினார்கள். மேலதிகாரிகள் அதைக் கோப்பில் போட்டு மூடினார்கள். ஒலிநாடா வந்த பிறகு மட்டும் மூன்று பெண்கள் இறந்தார்கள்.

1980 டிசம்பரில் வேறொரு கோணத்தில் கணக்குப் போட்டவர் தடயவியல் அறிஞர் ஸ்டூவர்ட் கைண்ட். இரண்டாம் உலகப் போரில் விமானத்துக்கு வழி குறித்துக் கொடுத்தவர். கொலைகாரனின் மனதை அவர் ஆராயவில்லை. 17 தாக்குதல் இடங்களை வரைபடத்தில் குறித்தார். அவற்றையெல்லாம் நூலால் இணைத்தால் எந்தப் புள்ளியிலிருந்து மொத்த நூல் மிகக் குறைவாகச் செலவாகும் என்று பார்த்தார். நேரத்தையும் சேர்த்துக்கொண்டார்: வீட்டிலிருந்து தூரமாகப் போனவன் சீக்கிரம் முடித்துத் திரும்புவான், பக்கத்தில் என்றால் இரவு நேரமானாலும் கவலைப்படமாட்டான். பிராட்ஃபோர்டின் மானிங்ஹாமுக்கும் ஷிப்லிக்கும் இடையில் தேடுங்கள் என்றது கணக்கு. சட்கிளிஃபின் வீடு இருந்த ஹீட்டன் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அதைச் செயல்படுத்த நேரம் வாய்க்கவில்லை. 1981 ஜனவரி 2 அன்று ஷெஃபீல்டில், போலி நம்பர் பிளேட் மாட்டிய காரில் ஒரு பெண்ணோடு இருந்தவனை ரோந்து போலீஸ் பிடித்தது. சிறுநீர் கழிக்க வேண்டும் என்று ஒதுங்கிய இடத்தில் சுத்தியலையும் கத்தியையும் போட்டிருந்தான். அதற்குள் அவனைப் போலீஸ் ஒன்பது முறை விசாரித்து விட்டிருந்தது. ஒலிநாடாவில் பேசிய ஜான் ஹம்பிள், உறையில் இருந்த எச்சிலின் மரபணு காட்டிக்கொடுத்து 2005-ல்தான் சிக்கினான்.

நீதிமன்றத்தில் சட்கிளிஃப் சொன்னது: பிங்லி மயானத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கல்லறையிலிருந்து கடவுளின் குரல் கேட்டது, பாலியல் தொழிலாளிகளை ஒழிக்கச் சொன்னது. நான்கு மனநல மருத்துவர்கள் இது மனச்சிதைவு என்றார்கள். எனக்கு இதில் உறுத்துவது வேறு. ஐந்து ஆண்டுகளாக போலீசும் பத்திரிகைகளும் இவனுக்கென்று எழுதிக் கொடுத்த நோக்கம் அது. நோய் இருந்ததோ இல்லையோ, அந்தக் கதை அவன் கைக்குத் தயாராகக் கிடைத்தது. பள்ளிச் சிறுமி, கடைப் பெண், மாணவிகள் என்று அவன் தாக்கியவர்களில் பலர் அதற்குள் அடங்கவில்லை. பைத்தியம் என்று நம்பவைத்தால் பத்து வருடத்தில் வெளியே வரலாம் என்று மனைவியிடம் அவன் பேசியதைக் கேட்டதாகச் சிறைக் காவலர் சாட்சி சொன்னார். ஜூரிகளில் பத்துப் பேர் கொலைக் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் மாறுபட்டார்கள். ஆயுள் தண்டனை கிடைத்தது.

சில்ஸ்டன் சிறுமியைத் தாக்கியவன் தானே என்று 1992-ல் ஒப்புக்கொண்டான். அந்த வழக்கில் அவன்மீது குற்றச்சாட்டு பதிவாகவே இல்லை.

கைண்ட் போட்ட கணக்கைப் போன்ற ஒன்றை 1986-ல் லண்டன் ரயில் தடங்களை ஒட்டி நடந்த குற்றங்களுக்குப் பயன்படுத்திப் பார்த்தவர் டேவிட் கேன்டர். அது அடுத்த வாரம்.

(தொடரும்)