பரிசலில் கற்ற பாடம்

மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற ஆறு நாள்களும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் எனக்கு, அந்த ஒரு காலைப்பொழுது வீட்டுச் சாமான்கள் வாங்குவதிலும் ஜும்ஆவுக்கு ஆயத்தமாவதிலும் கழிந்துவிடும். சென்ற ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அவ்வாறு கழியவில்லை. அன்று நான் காவிரியில், ஒரு பரிசலின் நடுவே, நீந்தத் தெரியாதவனாக அமர்ந்திருந்தேன்.

என்னை அழைத்துச் சென்றவர் என் மீனவ நண்பர். அவருடைய தந்தையார் எங்கள் வீட்டுக்கு ஆற்றுமீன் கொண்டுவந்து கொடுத்தவர். தந்தைக்குப் பின் மகன் வருகிறார். முப்பது ஆண்டுப் பழக்கம். நான் அவரை 'அண்ணே' என்பேன். அவர் என்னை 'பாய்' என்பார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நண்பர் என்றே குறிப்பிடுகிறேன். "மீன் திங்கத் தெரியுது, புடிக்கிறதைப் பார்க்க வேண்டாமா?" என்று பல நாளாகக் கேட்டு வந்தார். சுபுஹ் தொழுதுவிட்டுத் திருச்சியிலிருந்து முதல் பேருந்தில் திருவரங்கம் போய், அங்கிருந்து மேற்கே மேலூர்ப் பக்கத்துக் கரையை அடைந்தேன். ஜும்ஆவுக்குள் கரையில் விட்டுவிட வேண்டும் என்பது என் நிபந்தனை.

வலை சொன்ன கதை

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். இரண்டுக்கும் இடைப்பட்ட தீவுதான் திருவரங்கம். மேட்டூரிலிருந்து தண்ணீர் வரும் மாதங்களில் ஆறு கரை தொட்டு ஓடும். கோடையில் மணல் வெளியும் அங்கங்கே சில மடுக்களுமே மிஞ்சும். மீனவரின் ஆண்டுக் கணக்கும் அந்தத் தண்ணீரோடு ஏறி இறங்குகிறது.

மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய வட்டப் பரிசல் அது. முற்காலத்தில் மேலே தோல் போர்த்துவார்கள். இப்போது கெட்டியான பிளாஸ்டிக் விரிப்புக்குத் தார் பூசியிருந்தார்கள். ஒரே துடுப்பு. பழகாதவர் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். நண்பர் போட்டபோது அது நேராக ஓடிற்று. காற்றடைத்த லாரி டியூப் ஒன்றை என்மீது மாட்டிவிட்டு, "நடுவுல குந்துங்க, எழுந்திரிக்கப்படாது" என்றார். மணல் அள்ளிய குழிகளால் இடுப்பளவுத் தண்ணீர் அடுத்த அடியிலேயே ஆளை விழுங்கும் ஆழமாகிவிடுகிறதாம். பிள்ளைகளை ஆற்றுக்குக் குளிக்க அனுப்பும் பெற்றோர் இதை மறக்கலாகாது.

கிழக்கே இராஜகோபுரம் இருளிலிருந்து மெல்ல வெளிப்பட்டது. முதல்நாள் மாலையில் கட்டிவிட்டுப் போன செவுள் வலையை அவர் கைகைளாக இழுத்தார். நான்கு விரல் நுழையும் கண் உள்ள வலை. சிறுமீன்கள் அதில் புகுந்து வெளியேறிவிடும். பெரியவை செவுள் மாட்டி நின்றுவிடும். அன்று கிடைத்தவற்றில் பெரும்பகுதி ஜிலேபிக் கெண்டை. இரண்டு மிர்கால், ஒரு நடுத்தரக் கட்லா, சில கெளுத்தி.

ஜிலேபி நம் நாட்டு மீனே அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கட்லாவும் மிர்காலும் வட இந்திய ஆறுகளுக்கு உரியவை. நம் அணைகளிலும் குளங்களிலும் விடப்பட்டுப் பெருகியவை. "எங்கப்பா காலத்து மீனுல பாதி இப்ப வலைக்கு வர்றதில்ல பாய்" என்றார் நண்பர்.

வராமற்போன விருந்தாளி

அதைக் கேட்டதும் என் பாட்டனார் நினைவுக்கு வந்தார். அணைக்கரைப் பக்கத்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த உல்லம் மீனைச் சிறுவயதில் தின்றதை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. முள் அதிகம், ருசி அதனினும் அதிகம் என்பார். வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுவது இதைத்தான். உல்லம் கடலில் வாழ்வது. முட்டையிடுவதற்கு வெள்ளக் காலத்தில் ஆற்றில் எதிரேறி வருவது.

1830களில் ஆர்தர் காட்டனின் திட்டப்படி முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்தன. காவிரிக்குப் போக வேண்டிய நீர் தாழ்வான கொள்ளிடத்தில் இறங்கி வீணாவதைத் தடுத்துத் தஞ்சையின் வயல்களைக் காத்தவை அவை. ஆனால் மேலேறி வந்த மீனுக்கு அவை சுவராயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையினர் கீழணையில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கை முறையில் பொரிக்க வைத்தும் பார்த்தனர். 1934-இல் மேட்டூர் அணை முடிந்து வெள்ளத்தின் போக்கும் மாறிய பிறகு, காவிரியில் உல்லத்தின் வரத்து அறவே குன்றிப்போயிற்று. அணைகளைப் பழிப்பது நம் நோக்கமன்று. நாம் உண்ணும் சோறு அவற்றால் விளைந்தது. ஆயினும், வழி அடைபட்ட உயிர் திரும்பி வருவதில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மிதந்து வந்த மீன்

கரையோரப் புல்லில் வயிறு மேலாக நாலைந்து மீன்கள் செத்து மிதந்தன. "யாரோ மருந்து போட்டிருக்கான்" என்று நண்பர் முகம் சுளித்தார். பிறகு, "பாய், இது உங்களுக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

மீனை அறுக்க வேண்டியதில்லை. அது அப்படியே ஹலால் என்பதில் இமாம்களிடையே வேறுபாடு இல்லை. ஆனால் காரணமின்றித் தானாகச் செத்து மிதக்கும் மீனை ஹனஃபி மத்ஹபில் உண்ணலாகாது என்பர். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு அனுமதி உண்டு. நம் வீடுகளில் இறால் பற்றி எழும் வாதமும் இத்தகையதே. இறால் மீன் இனமா அன்றா என்பதில் ஹனஃபி ஆலிம்களிடையே இரு கருத்துகள் உண்டு. கடற்கரை ஊர்களில் பெண்ணெடுத்த உள்ளூர்க் குடும்பங்களில் இது சமையற்கட்டுவரை போகும்! இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நஞ்சிட்டுக் கொன்ற மீனில் சட்டத்துக்கு முன்னே கேடு நிற்கிறது. உடலுக்குத் தீங்கானதை உண்ணவும் கூடாது, பிறருக்கு விற்கவும் கூடாது" என்றேன். அவர் தலையசைத்தார்.

நான் தவறிய இடம்

வெயில் ஏறியிருந்தது. கோரைப் புல் மண்டிய ஓர் ஒதுக்கில் நீரின் மேற்பரப்பு செந்நிறமாகக் கொதிப்பதுபோல் அசைந்தது. நெருங்கிப் பார்த்தால், விரல் நகத்தளவு குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் பந்துபோல் திரண்டு நீந்திக்கொண்டிருந்தன. "விரால் குஞ்சு. ஆயியும் அப்பனும் கீழதான் நிக்கும்" என்றார் நண்பர் தாழ்ந்த குரலில். அவர் சொல்லி முடிக்கும் முன் கரிய முதுகு ஒன்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு மறைந்தது. இரண்டு கிலோவுக்குக் குறையாது.

விரால் தன் குஞ்சுகளை விட்டு அகலாது. தவளையைத் தூண்டிலில் கோத்து அந்தக் கூட்டத்தின் நடுவே இழுத்தால், குஞ்சுகளைக் காக்கப் பாய்ந்து வந்து கவ்வும். அதைவிட எளிதில் அகப்படும் மீன் வேறில்லை. பரிசலில் தூண்டில் இருந்தது. அன்றைய விலையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும் மீன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் பணம் சேரவில்லை என்று காலையில்தான் அவர் சொல்லியிருந்தார்.

"போடுங்களேன் அண்ணே, தானாக வந்த ரிஸ்க்" என்று சொன்னவன் நான்தான்.

அவர் துடுப்பை எடுத்து, அந்த ஒதுக்கைச் சுற்றிக்கொண்டு பரிசலைத் திருப்பினார். "இப்ப புடிச்சா ஒரு மீனு பாய். அப்புறம் இந்தக் குஞ்சை எல்லாம் கெளுத்தியும் கொக்கும் ஒரே நாள்ல தீத்துரும். ஒரு மாசம் போகட்டும்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

எனக்குத்தான் பேச்சு எழவில்லை. அந்த வாரம் மதரஸாவில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது சனிக்கிழமைக்காரர்களின் வரலாறு. கடலோரத்தில் வாழ்ந்த ஒரு சமுதாயத்தாருக்குச் சனிக்கிழமையில் மீன் பிடிக்கத் தடை. அந்த நாளில்தான் மீன்கள் நீர்மேல் தெரியத் திரண்டு வரும். மற்ற நாள்களில் வாரா. அது சோதனை. அவர்களோ முன்கூட்டியே வலை விரித்து, சனியில் மாட்டியதைப் பின்னர் எடுத்துக்கொண்டதாக விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். 'கண்ணெதிரே, கையெட்டும் தூரத்தில் வருவதெல்லாம் நமக்கு உரியதன்று' என்று பிள்ளைகளுக்கு விளக்கியவன் நான். கண்ணெதிரே மீன் வந்தபோது தூண்டிலைச் சுட்டிக் காட்டியவனும் நானே. அந்த வரலாற்றை ஒருநாளும் ஓதாத என் நண்பர், அதன் பொருளைத் துடுப்பால் எழுதிக் காட்டிவிட்டார்.

நமக்கு என்ன வேலை?

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் மீன்கள் இனம் பெருகுவதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வங்கதேசத்தில் உல்லம் முட்டையிடும் அக்டோபர் மாதத்தை ஒட்டி 22 நாள்கள் அதைப் பிடிக்கவும் விற்கவும் தடை உண்டு; அந்நாள்களில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு அரிசி வழங்குகிறது. பசித்திருப்பவனிடம் பொறுமையை மட்டும் போதிப்பது நியாயமாகாது என்று உணர்ந்த ஏற்பாடு அது.

ஆற்றோரத்தில் வாழும் நமக்கும் பங்கு உண்டு. சினை மீனுக்குக் கூடுதல் விலை கொடுத்துக் கேட்டு வாங்குவோர் பெரும்பாலும் நம் போன்ற வீட்டுக்காரர்களே. கேட்பார் இருக்கும்வரை பிடிப்பாரும் இருப்பர். விரலளவுக் குஞ்சு மீனைக் கூறு கட்டி வைத்திருந்தால் வாங்காமல் நகரலாம். மருந்திட்ட மீன் என்று ஐயம் எழுந்தால் தவிர்க்கலாம். சிறிய கண் வலையைத் தொடாத மீனவரிடம் நாலணா பேரம் பேசாமல் வாங்கலாம். இவை பெரிய தியாகங்கள் அல்ல.

பதினொரு மணிக்குக் கரை சேர்ந்தோம். ஜிலேபியில் நாலைத் தாமரை இலையில் கட்டிக் கொடுத்தார். காசு நீட்டியபோது வாங்க மறுத்தார், நான் விடவில்லை. அவசரமாக வீடு வந்து குளித்து ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகைக்குப் பின் அவருடைய மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக நண்பர்கள் சிலரிடம் பேசினேன். ஒரு விரால் மீனின் விலை அன்றே சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். மீதியும் சேரும், இன்ஷா அல்லாஹ்.

மறுநாள் மதரஸாவில் சனிக்கிழமைக்காரர் பாடத்தை மீண்டும் எடுத்தேன். முடிவில் அந்த விராலைப் பற்றியும் சொன்னேன். தூண்டில் போடச் சொன்னவர் யார் என்று ஒரு பிள்ளை கேட்டது. மறைக்காமல் சொன்னேன்.