சொந்தக் காற்றும் சொந்தக் கணப்பும்

மார்கழியில் காலை ஏழு மணி வாக்கில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில் கேட்டருகே நின்றால், எதிரெதிராகப் போகும் இரண்டு வகை சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். ஸ்வெட்டரும், காதை இறுக்கிக் கட்டிய மப்ளருமாக வேலைக்கு உள்ளே போகிறவர்கள் ஒரு வகை. நைட் ஷிப்ட் முடித்து வெளியே வருகிறவர்கள் இன்னொரு வகை. நூல் அறாமல் இருப்பதற்காக ஈரப்பதம் ஏற்றிய கூடத்தில், மெஷின் சூட்டில் இரவெல்லாம் நின்றவர்கள் இவர்கள். உடம்பு நன்றாகச் சூடேறித்தான் வெளியே வருகிறார்கள். ஆனால் பத்து நிமிடம் மிதித்த பிறகு பல் கிட்டிப்போவது பெரும்பாலும் இவர்களுக்குத்தான்.

சூடாகக் கிளம்பியவருக்கு ஏன் அதிகம் குளிர வேண்டும்? சைக்கிளில் போகிறவரின் குளிர் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் எண்ணைப் பார்த்துவிடலாம். மார்கழி, தை மாதங்களில் கோவை நகரத்தின் அதிகாலை வெப்பம் பெரும்பாலான நாட்களில் 18, 19 டிகிரியை ஒட்டியிருக்கும். டொராண்டோவில் இருக்கும் தமிழர் கேட்டால் சிரிப்பார். அங்கே அது சட்டையோடு பூங்காவுக்குப் போகும் நாள். அவர் சொல்வதும் சரிதான். அதே 18 டிகிரியில் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது நமக்கும் குளிர் பெரிதாகத் தெரிவதில்லை. சைக்கிளில் ஏறியதும்தான் தெரிகிறது.

நம் தோலின் சூடு சுமார் 33 டிகிரி. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது, தோலை ஒட்டிச் சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு காற்றுப் படலம் சூடேறி நிற்கிறது. காசு கொடுத்து வாங்காத, கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டை அது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டினால், எதிர்க்காற்று அந்தச் சட்டையை உருவி எடுத்துவிடுகிறது. மூடாத கையிலிருந்தும் முகத்திலிருந்தும் காற்று பறித்துச் செல்லும் வெப்பம் ஏறத்தாழ நான்கைந்து மடங்காகிறது.

வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்குக்குக் கொண்டல், மேற்குக்குக் கோடை என்று நான்கு காற்றுகளுக்குத் தமிழில் பெயர் உண்டு. சைக்கிள்காரருக்கு ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. எந்தத் திசையில் திரும்பினாலும் எதிரே நின்று அடிக்கும் காற்று. அதை உண்டாக்குகிறவர் அவரேதான். பனிக்காலத்தில் கிழக்கிலிருந்து வீசும் காற்று கோவையைக் கடந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குள் நுழைகிறது. சூலூரிலிருந்து நகரத்தை நோக்கி வருகிறவருக்கு அது பின்காற்று. காற்றும் அவரும் ஒரே வேகத்தில் போனால், கிட்டத்தட்ட காற்றில்லாத ஒரு குமிழிக்குள் அவர் பயணம் செய்கிறார். அதே ஸ்வெட்டரில் அவருக்கு வியர்க்கும். எதிரே வருகிறவர் நடுங்குவார்.

காற்றின் இந்தப் பறிப்பை முதலில் முறையாக அளந்தவர்கள் பால் சைபிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள். 1940களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில், ஒரு பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் நிரப்பித் திறந்தவெளியில் தொங்கவிட்டு, வெவ்வேறு காற்று வேகங்களில் அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கை அமெரிக்காவும் கனடாவும் 2001-இல் திருத்தி, இன்று பல நாடுகள் பயன்படுத்தும் வாய்பாடாக்கின. அது 10 டிகிரியும் அதற்குக் கீழும் மட்டுமே செல்லும். ஆகவே கோவை நகரம் அதில் சேராது. மேலே இருக்கும் ஊட்டி சேரும். ஊட்டியில் 5 டிகிரி இருக்கும் ஒரு தை மாதக் காலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டினால், மூடாத தோலுக்கு அது 1 டிகிரி போல இருக்கும். இறக்கத்தில் வேகம் 40 ஆனால் பூஜ்யத்துக்கும் ஒரு டிகிரி கீழே. சைக்கிளின் ஹேண்டில்பார் எவ்வளவு வேகத்தில் போனாலும் 5 டிகிரிக்குக் கீழே போகாது. இந்தக் கணக்கு சூட்டைத் தானே உண்டாக்கி இழந்துகொண்டிருக்கும் உடம்புக்கு மட்டும்தான்.

வேலைக்குக் கிளம்பும் நேரமும் நமக்கு எதிராகவே இருக்கிறது. நள்ளிரவுதான் மிகவும் குளிரான நேரம் என்று பலர் நினைக்கிறோம். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. சூரியன் எழுந்த பிறகும் சற்று நேரம் வரவைவிடச் செலவே அதிகம். அதனால் நாளின் மிகக் குளிரான கணம், விடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் வருகிறது. ‘தை மாதம் தரையும் குளிரும், மாசி மாதம் மச்சும் குளிரும்’ என்ற பழமொழி குளிரைத் தரையிலிருந்து தொடங்குவது எனக்கு மிகவும் பிடிக்கும். தரை முதலில் குளிர்ந்து, தன்னைத் தொடும் காற்றைக் குளிர்விக்கிறது. கனத்துப்போன அந்தக் காற்று மலைச் சரிவில் தண்ணீரைப் போலவே வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. ஆலாந்துறை தாண்டிச் சிறுவாணி மலையடிவாரம் பக்கம் விடியலில் சைக்கிளில் போயிருப்பவர்களுக்குத் தெரியும். சாலை ஒரு ஓடைப் பாலத்துக்கு இறங்கும் இடத்தில் முழங்காலுக்குக் கீழே சில்லென்று ஏறும், மேட்டுக்கு வந்ததும் விட்டுவிடும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரில் போகிறவர் இந்த நிலப்படத்தைப் படிக்கவே முடியாது.

காற்றின் கதை அது. கணப்பின் கதை வேறு.

பெடலை மிதிக்கும் தசைகள், உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கையோ அதற்கும் சற்றுக் குறைவாகவோதான் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. மிச்சமெல்லாம் சூடு. சக்கரத்துக்கு 100 வாட் போகிறதென்றால், உடம்புக்குள் 300 முதல் 400 வாட் வரை வெப்பம் பிறக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு என்றால், சைக்கிள் ஓட்டும் உடம்பு நாலு பல்பு. கிளம்பும்போது ஒரு பல்புக்கு ஏற்ற ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறோம். இரண்டாவது கிலோமீட்டரில் உள்ளே நாலு பல்பு எரிகிறது. வியர்வை கொட்டுகிறது, துணி நனைகிறது. பிறகு சிக்னலில் நிற்கிறோம். பல்புகள் அணைகின்றன, ஈரம் மட்டும் இருக்கிறது.

அந்த ஈரத்தின் பசி பெரியது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு தேக்கரண்டி வியர்வை உலர, உட்கார்ந்திருக்கும் உடம்பு இரண்டு நிமிடம் உண்டாக்கும் சூடு முழுவதும் போய்விடும். போதாததற்கு, தண்ணீர் அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. துணியின் இழைகளுக்கிடையே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், சட்டையே எதிரிப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பருத்தியைக் குறை சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதிலிருந்தும், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகியதிலிருந்தும் கோவை பருத்தியால் வளர்ந்த ஊர். சித்திரை வெயிலுக்கு அதற்கு நிகரான துணி கிடையாது. ஆனால் பருத்தி நீரை விரும்பும் நார். நனையாமல் சும்மா காற்றில் கிடக்கும்போதே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிப்பதில்லை. சித்திரையில் வரமாக இருக்கும் அந்தக் குணம்தான், மார்கழி விடியலில் நைட் ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளியின் முதுகில் ஈரச் சாக்காக ஒட்டிக்கொள்கிறது. அவர் தன் கையால் நூற்ற நூலே அவரை நடுங்கவைக்கிறது.

விடை ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. திருப்பூரில் ‘ரைசிங்’ என்று ஒரு வேலை உண்டு. லூப் வைத்துப் பின்னிய துணியைக் கம்பிப் பற்கள் பதித்த உருளைகள் மேல் ஓட்டுவார்கள். பற்கள் லூப்பைக் கீறி நார்களை நிமிர்த்திவிடும்; துணியின் உட்புறம் பூனை முதுகைப் போல மெத்தென்று ஆகிவிடும். ஃப்ளீஸ் என்பது அதுதான். ரைசிங் முடிந்த துணியில் நூல் கூடவில்லை, எடையும் ஏறவில்லை. அசையாத காற்று தங்க இடம் மட்டும் கூடியிருக்கிறது. கதகதப்பைத் தருவது அந்தக் காற்றுதான். துணி அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஐரோப்பாவின் குளிருக்குத் திருப்பூர் கப்பலில் அனுப்புவதில் பெரும்பங்கு, நன்றாகத் தைக்கப்பட்ட காற்று. அந்த ஏற்றுமதியில் மிஞ்சியதைக் காதர்பேட்டையில் குறைந்த விலைக்கு வாங்கலாம். நான் போட்டிருப்பதும் அப்படி வாங்கியதுதான்.

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, இதையெல்லாம் படித்தவரில்லை. பொழுது விடியுமுன் சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு போவார். உள்ளே வலை போல ஓட்டை ஓட்டையாக இருக்கும் பனியன், அதற்கு மேல் சட்டை, இரண்டுக்கும் நடுவே நெஞ்சில் முந்தாநாள் செய்தித்தாளின் இரண்டு தாள், தலையைச் சுற்றி மப்ளர். வறுமையின் உடுப்பு என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாக அதன் உறவினர்களைச் சந்தித்தேன்.

வலை பனியனின் உறவு நார்வேயில் இருக்கிறது. 1933-இல் ஹென்ரிக் புருன் என்ற ராணுவ அதிகாரி, மீன்பிடி வலையை வெட்டி உள்சட்டை தைத்துப் பார்த்தார். ஓட்டைதான் அதன் சூட்சுமம். மேலே ஒரு சட்டை மூடியதும் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சின்னக் காற்றறை ஆகிறது. வியர்வை ஆவி தங்காமல் வெளியேறவும் வழி கிடைக்கிறது. 1953-இல் எவரெஸ்ட் ஏறிய குழுவினரின் உடைகளிலும் வலை பனியன் இருந்தது. செய்தித்தாளின் உறவு பிரான்சில். டூர் டி பிரான்ஸ் பந்தயக்காரர்கள் மலை உச்சியை எட்டியதும், வழியில் நிற்பவர்களிடம் செய்தித்தாளை வாங்கி நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவது பழைய வழக்கம். தாள் கதகதப்பானதல்ல. ஆனால் காற்று அதைத் துளைக்காது. முதுகைக் காற்று தொடுவதில்லை, ஆகவே முதுகுக்குத் தாளும் வேண்டாம், அங்கே வியர்வை உலர்ந்து போகட்டும். முன்னால் மூடி, பின்னால் திறந்து என்பதே இன்றைய விலை உயர்ந்த சைக்கிள் ஜாக்கெட்டின் வெட்டும்.

அந்தத் தாளின் அருமையை நான் குன்னூர் இறக்கத்தில் தெரிந்துகொண்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சுமார் 1,500 மீட்டர் ஏற்றம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும். ஏறும்போது அது தெரிவதில்லை. நாலு பல்புக்குப் பதில் ஏழெட்டு எரிகின்றன. பருத்திச் சட்டை பிழியப் பிழிய மேலே போய்ச் சேர்ந்து, டீ குடித்துவிட்டு, அப்படியே இறங்கினேன். இறக்கத்தில் மிதிக்க வேலையில்லை, கணப்பு அணைந்துவிட்டது. காற்று மட்டும் இரட்டிப்பு. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. மூளையையும் இதயத்தையும் காப்பதற்காக உடம்பு முதலில் கைவிடுவது விரல்களைத்தான். அங்கே போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரலின் சூடு 15 டிகிரியை நெருங்கினால் கை சொன்னபடி கேட்காது. வண்டியை ஓரம் கட்டி, கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றேன். அன்றிலிருந்து மலைக்குப் போனால் உலர்ந்த பனியன் ஒன்றும், கையுறையும், இரண்டு தாளும் பையில் இருக்கும்.

கம்பளி இதைவிடவும் நல்லது. அதுவும் நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கோயம்புத்தூர்ச் செம்மறியையும், டாஸ்மேனிய மெரினோ போன்ற வெளிநாட்டு இனங்களையும் 19-ஆம் நூற்றாண்டில் கலந்து உருவானது நீலகிரி செம்மறி. தென்னிந்தியாவில் மென்மையான கம்பளி தரும் இனம் அது. ஊட்டிக்கருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் அதைக் காத்து வருகிறது. கம்பளி நார் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொடுவதற்கு நனையாதது போலிருக்கும். ஈர ஆவியை இழுக்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியிடும். எந்த மில்லிலும் இந்த நாரை இன்னும் முழுதாக நகலெடுக்க முடியவில்லை.

மப்ளர் மிச்சம் இருக்கிறது. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போய்விடும் என்பார்கள், அது உண்மையில்லை. தலையின் பரப்பு மொத்தத் தோலில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. இழப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனாலும் காதை மூடியதும் முழு உடம்புக்கும் நிம்மதி வருகிறதே? கொழுப்பும் தசையும் இல்லாத மெல்லிய குருத்தெலும்பு காது; காற்றில் நீட்டிக்கொண்டிருப்பதால் வேகமாகக் குளிர்கிறது. முகமும் காதும் குளிரை உணரும் நரம்புகள் நிறைந்த இடம். தோல் 26 டிகிரி வாக்குக்குக் கீழே இறங்கினால் அந்த நரம்புகளில் ஒரு புரதக் கதவு திறந்து மூளைக்குத் தகவல் போகிறது. புதினாவில் உள்ள மெந்தால் திறப்பதும் அதே கதவைத்தான்; தைலம் தடவினால் சில்லென்று இருப்பது அதனால். டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படாபூட்டியனும் 2002-இல் தனித்தனியாக அதைக் கண்டறிந்தார்கள். 2021-இன் நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. மப்ளர் மிச்சப்படுத்தும் வெப்பம் சொற்பம். ஆனால் அலறிக்கொண்டிருக்கும் கதவை அது மூடுகிறது.

கிளம்பும்போது எவ்வளவு போடுவது என்பதற்கு அப்புச்சியிடம் ஒரு கணக்கு இருந்தது. “மொத அரை மைலு நடுங்கோணும் கண்ணு, அப்பத்தான் உடுப்பு சரி” என்பார். இப்போது சிங்காநல்லூரில் அந்த மில் கேட்டருகே நிற்கும்போது, வெளியே வருகிறவர்களில் சிலர் சைக்கிள் ஸ்டாண்டின் மறைவில் ஈரச் சட்டையைக் கழற்றி, டிபன் பையிலிருந்து உலர்ந்த பனியனை எடுத்து மாட்டுவதைப் பார்க்கிறேன். மாட்டி முடித்ததும் மப்ளரைக் காதுக்கு மேல் இழுத்துக்கொண்டு, கிழக்கே பார்த்து மிதிக்கிறார்கள்.