ப்ராம்ப்டில் தெரியும் டெல்லி நேரம்

லினக்ஸ் கணினியில் டெர்மினலைத் திறந்தால் ஒரு வரி வந்து நிற்கும்: பயனர் பெயர், கணினியின் பெயர், நாம் இருக்கும் கோப்புறை, கடைசியில் ஒரு டாலர் குறி. அடுத்த கட்டளைக்குத் தயார் என்று, நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் சொல்வது இப்படித்தான். இதற்குப் பெயர் ப்ராம்ப்ட். டாலர் இருக்கும் இடத்தில் # இருந்தால், கணினியின் முழு அதிகாரமும் உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துத் தட்ட வேண்டும்.

இந்த வரியை நம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். 1979இல் வெளிவந்த ஸ்டீபன் போர்னின் யூனிக்ஸ் ஷெல்லிலேயே இதற்கென்று பிஎஸ்1 என்ற மாறி இருந்தது. அதில் எதை எழுதுகிறோமோ அதுவே ப்ராம்ப்ட். 1989இல் பிரையன் ஃபாக்ஸ் உருவாக்கிய பேஷ் ஷெல், இதற்குப் பல சுருக்கக் குறிகளைத் தந்தது. பின்சாய்வுக் கோடு போட்டு 'யு' என்று எழுதினால் பயனர் பெயர் வரும். அதேபோல் கோடு போட்டு, ஆங்கில அகரவரிசையின் 20ஆவது எழுத்தான சிறிய 'டி'யை எழுதினால் மணி, நிமிடம், நொடி வரும். வண்ணங்கள் கண்ணுக்கு அழகு. ஆனால் நான் முதலில் சேர்க்கச் சொல்வது நேரத்தைத்தான்.

அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? பேஷ் கேட்டதும் இயங்குதளம் தருவது மணியை அல்ல, நொடிகளின் எண்ணிக்கையை. உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவில் தொடங்கிய எண்ணிக்கை அது. இந்தியாவில் அப்போது காலை 5:30. அதை நம் நாட்டு மணியாக மாற்ற, 'ஆசியா/கொல்கத்தா' என்ற சிறு கோப்பைக் கணினி பார்க்கிறது. 1906இலிருந்து இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் முன்னால் என்கிறது அந்தக் கோப்பு. அதற்கு முன், 1870 முதல், 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்று இருக்கிறது. அது நம் சென்னையின் நேரம்! அன்றைய ரயில்கள் ஓடியது அந்தக் கணக்கில்தான். இரண்டாம் உலகப் போரின்போது நாட்டுக் கடிகாரங்களை 1 மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததும் அதில் பதிவாகியிருக்கிறது.

நொடிகளை எண்ணும் வேலை கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்துடையது. வெப்பம் கூடிக் குறைந்தால் அதன் துடிப்பும் சற்று மாறும். விட்டுவிட்டால் நாளடைவில் நேரம் பிசகும். அதனால் கணினி அவ்வப்போது வலையமைப்பு வழியே ஒரு நேர சர்வரிடம் கேட்டுத் திருத்திக்கொள்கிறது. கேள்வி புறப்பட்டது, சர்வரை அடைந்தது, பதில் புறப்பட்டது, வந்து சேர்ந்தது என்று நான்கு நேரங்களைக் குறித்து, வழியில் கழிந்த தாமதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

இந்தியாவில் அந்தச் சரியான நேரத்துக்குப் பொறுப்பு, புது டெல்லி பூசாவில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். அங்கே அணுக் கடிகாரங்கள் ஓடுகின்றன. சீசியம்-133 அணுவின் கதிர்வீச்சு 919,26,31,770 முறை அதிர்வதற்கு ஆகும் காலமே ஒரு நொடி என்று 1967இல் உலகம் ஏற்றுக்கொண்டது. டெல்லியின் அளவீடுகள் பாரிஸ் அருகே உள்ள பன்னாட்டு எடை, அளவு அமைப்புக்குப் போய், உலகப் பொது நேரத்தைக் கணிப்பதிலும் பங்கு பெறுகின்றன.

2022 ஏப்ரல் 28 அன்று, கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு பிறப்பித்தது. சேவை நிறுவனங்களும் தரவு மையங்களும் அரசு அலுவலகங்களும் தங்கள் கணினிகளின் நேரத்தை இந்த ஆய்வகத்தின் சர்வரோடோ தேசிய தகவலியல் மையத்தின் சர்வரோடோ, அவற்றோடு ஒத்திசைந்த சர்வரோடோ இணைக்க வேண்டும் என்றது. காரணம் எளிது. ஒரு தாக்குதல் பல கணினிகளைக் கடந்து வரும். கடிகாரங்கள் முரண்பட்டால் எது முதலில் நடந்தது என்பதே தெரியாமல் போகும்.

ப்ராம்ப்டில் நேரத்தைச் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிஎஸ்1 காட்டுவது அந்த வரி திரையில் வந்த நேரத்தை, அதாவது முந்தைய கட்டளை முடிந்த நேரத்தை. அடுத்த கட்டளை எப்போது தொடங்கியது என்பதை அது சொல்லாது. 2016இல் வந்த பேஷ் 4.4இல் அதற்கென்றே பிஎஸ்0 என்ற மாறி சேர்ந்தது. என்டர் தட்டியதும், கட்டளை ஓடுவதற்கு முன் அது அச்சாகும். இரண்டிலும் அந்தச் சிறிய 'டி'யை எழுதிவையுங்கள். தொடக்கமும் முடிவும் திரையிலேயே பதிவாகும். எந்த வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்று நினைவை நம்பிச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது.