பத்ரி போகிற வழியில் ஒரு ராத்திரி

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் கிளம்பும் யாத்திரை வேன்கள் 70 கிலோமீட்டர் மலைப்பாதை ஏறியதும் தேவப்பிரயாகையில் நிற்கும். "அரை மணி நேரம்தான், சீக்கிரம் வந்துடுங்க" என்பார் கூட்டிவந்தவர். சங்கமத்தில் தலையில் தண்ணீர் தெளித்து, செல்ஃபி எடுத்து, எல்லோரும் வேனுக்கு ஓடுவார்கள். பெரியாழ்வார் ஒரு பதிகமே பாடிய ஊருக்கு இது அநியாயம்.

108 திவ்யதேசங்களில் 'கண்டமென்னும் கடிநகர்' இதுதான். உள்ளூரில் ரகுநாத்ஜி கோயில். நம் வைணவர்களுக்கு நீலமேகப் பெருமாள். 1803 நிலநடுக்கத்தில் சேதமான கோயிலைத் தௌலத் ராவ் சிந்தியா பழுதுபார்த்துக் கொடுத்தார். பின்புறப் பாறையில் பழைய யாத்திரிகர்களின் பெயர்கள் பிராமி எழுத்தில் இருக்கின்றன. போன இடத்தில் பெயரைக் கீறிவைக்கும் பழக்கம் நேற்று வந்ததல்ல!

நிதானமாகப் பார்க்க வேண்டியது படித்துறை. ஒரு பக்கம் பாகீரதி, மறுபக்கம் அலக்நந்தா. இரைச்சல் போடும் பாகீரதி மாமியார், அடங்கி வரும் அலக்நந்தா மருமகள் என்பது ஊர்ப்பேச்சு. (எந்த ஊரிலும் மாமியாருக்குத்தான் கெட்ட பெயர்.) மழைக்காலத்தில் அலக்நந்தா செம்மண் குழம்பாக வரும், பாகீரதியோ பச்சை. மேலே 260 மீட்டர் உயர டெஹ்ரி அணையிலேயே அதன் வண்டல் தங்கிவிடுவதும் ஒரு காரணம். இரண்டு நிறமும் கொஞ்ச தூரம் ஒட்டாமல் ஓடிப் பிறகு கலக்கின்றன. அதற்கப்புறம்தான் கங்கை என்ற பெயர்.

படிகளில் இரும்புச் சங்கிலிகள் கட்டியிருக்கிறார்கள். அதைப் பிடித்தபடியே முங்க வேண்டும். முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர் காலை வாரும்; குளிர் எலும்பில் ஏறும்.

பத்ரி கோயில் பண்டாக்களின் (யாத்திரைப் புரோகிதர்களின்) சொந்த ஊரும் இதுதான். பனிக்காலத்தில் அங்கே நடை சாத்தியதும் இங்கே திரும்பிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக வந்துபோன குடும்பங்களின் பெயர்கள் அவர்களுடைய பேரேடுகளில் உண்டு. ஊருக்கு மேலே, 1946-இல் சக்ரதர் ஜோஷி நிறுவிய நட்சத்திர வேதசாலை என்ற வானாய்வுக்கூடத்தில் பழைய தொலைநோக்கிகளும் கையெழுத்துச் சுவடிகளும் இருக்கின்றன. வேனில் வருகிறவர்கள் அங்கே ஏறுவதே இல்லை.

ரிஷிகேஷ்–கர்ணப்பிரயாகை ரயில் பாதைக்காக இந்த மலைகளைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். ரயில் வந்தால் கூட்டமும் வரும். அதற்கு முன்பே போய்விடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். மண் சரிந்து பாதை அடைபடும். அக்டோபர் சரியான மாதம். வேன் பேசும்போதே, தேவப்பிரயாகையில் ஒரு ராத்திரி தங்கல் என்று சொல்லிவிடுங்கள்.